இலை இல்லை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பீடிக்கடை வாசலில் நிற்கிறோம். முப்பது பெண்கள் இருப்போம். ஒவ்வொருத்தி கையிலும் பை, பைக்குள் சனி ஞாயிறில் சுற்றி அடுக்கிய கட்டுகள். மேற்கே மலையைக் காணோம். மேகம் அடிவாரம் வரை இறங்கிக் கிடக்கிறது. குற்றாலத்துச் சாரல் தென்காசிப் பக்கம் எங்கள் மேலகரம் வரை வந்து முகத்தில் தெறிக்கிறது. ஊருக்கெல்லாம் வரமான சாரல் பீடிக்குப் பகை. பையை முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறோம். ஈரம் தட்டினால் பீடியைச் சரிபார்க்கும் செக்கர் கழித்துப் போட்டுவிடுவார்.

கட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் உள்ளேயிருந்து குரல் வருகிறது. "இன்னைக்கு இலை இல்லம்மா. வியாழக்கிழமை வந்து பாருங்க."

எங்கள் வேலை போவது இப்படித்தான். கதவில் அறிவிப்பு ஒட்டுவதில்லை. சங்கு ஊதி நிறுத்துவதில்லை. யாரும் யாரையும் நீக்கியதாக ஒரு துண்டுத் தாள் கிடையாது. இலை இல்லை என்ற இரண்டு சொல் போதும். வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறோம். வாரம் ஆறு நாளும் இலை வாங்கியவள் நான். ஆறு ஐந்தானது, ஐந்து நாலானது. இப்போது மூன்று நாள் கிடைத்தால் அது நல்ல வாரம். என் வேலையில் பாதி போய்விட்டது. அரசாங்கக் கணக்கில் அது போகவே இல்லை. அங்கே நான் இன்றைக்கும் அடையாள அட்டை வைத்திருக்கும் பீடித் தொழிலாளி.

எனக்கு வயது 47. அப்பாவைப் பெற்ற தாத்தா கடையநல்லூரில் தறி நெய்தவர். மில் துணி வந்து கைத்தறியின் கழுத்தை நெரித்த காலத்தில் அந்த ஊர் நெசவாளர் குடும்பங்கள் பல கப்பல் ஏறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் சிங்கப்பூரில் இன்றைக்கும் ஊர்ப்பேரில் சங்கம் வைத்திருக்கிறார்கள். கப்பலுக்குக் காசில்லாத என் தாத்தா தறிக்குழியை மண் போட்டு மூடினார். மூடிய இடத்தின் மேலேயே பாய் விரித்து உட்கார்ந்து பாட்டி பீடி சுற்றத் தொடங்கினாள். பாட்டி, அம்மா, நான். மூன்று தலைமுறை அந்தக் குழியின் மேல் உட்கார்ந்துதான் சோறு தின்றோம்.

தறி செத்தபோது பீடி வந்தது. பீடி சாகிறபோது எது வரும்? நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். பத்து வருஷமாகக் கேட்கிறேன்.

இந்த வேலையைக் கண்ணால் காணாதவர்கள் இருப்பார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் ஆதிவாசிப் பெண்கள் கோடையில் பறித்துக் கட்டும் இலை லாரி ஏறி எங்களூருக்கு வருகிறது. வாங்கி வந்த இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி இரவெல்லாம் வைப்போம். விடியற்காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவுக்கு வெட்ட வேண்டும். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடிக்க வேண்டும். இருபத்தைந்து ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி. கொடுத்த இலையில் ஓட்டை இருந்தால், காய்ந்து நொறுங்கினால், ஆயிரம் தேறாது. தேறாததை நாங்கள் கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கி ஈடுகட்டுவோம். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் நான் சுளகை எடுத்தேன். அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த வாரத்திலும் ஒரு நாள்கூட இலை வாங்காமல் இருந்ததில்லை. விட்டால் அடுத்த முறை இலை குறைத்துவிடுவார்களோ என்ற பயம்.

இவ்வளவு பட்டாலும் அது எங்களுடைய வேலை. தென்காசி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டைப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், "பீடி சுத்துமா? பாஸ் இருக்கா?" என்று கேட்ட காலம் உண்டு. பாஸ் புத்தகம் உள்ள பெண்ணுக்கு நகை இரண்டு பவுன் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பி.எஃப். பிடிக்கிற வேலை அது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளிகள் தரப்பு அந்த நீதிமன்றம் வரை போய் வழக்காடித் தோற்றது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றினாலும் என் கையும் தொழிலாளியின் கைதான் என்று நாட்டின் பெரிய நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. என் மகளின் பள்ளிக்கூடச் சம்பளம், மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக்கு ஓடு மாற்றியது எல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. புருஷன் கை வெறுங்கையாக வந்த நாளிலும் அடுப்பு எரிந்தது.

பீடி நல்லது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பா பீடி குடித்தே செத்தார். கழிவாகத் திரும்பி வந்த பீடியை, நான் சுற்றிய பீடியை, கட்டுக்கட்டாகக் குடித்தார். கடைசி ஆறு மாதம் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து நான் ஆயிரம் கணக்கை முடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமே. தூள் நெடியில் என் பிள்ளைகள் தும்மித் தும்மி வளர்ந்தார்கள். எனக்குக் கழுத்து வலி, முதுகு வலி, இருமல். பீடி ஒழிய வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னால் அவர்கள் பக்கத்தில் முதல் ஆளாக நிற்பேன். பீடி ஒழியட்டும். அதோடு சேர்த்து என்னையும் ஏன் ஒழிக்கிறீர்கள்?

இதை அரசாங்கம் அறியாமல் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அதன் 17-ஆவது பிரிவு, புகையிலைத் தொழிலாளர்களுக்குப் பிழைப்புக்கு ஏற்ற மாற்று வழிகளை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. புகையிலையைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளும் எங்களுக்கு வழி காட்டச் சொல்லும் பிரிவும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. கையெழுத்தும் ஒன்றுதான். முதல் பாதியை நிறைவேற்றினார்கள். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் வந்தது. அந்தச் சமயத்தில் எங்களுக்குப் பல நாள் இலை வரவில்லை. அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி பழைய நோட்டு செல்லாது என்றார்கள். சனிக்கிழமைதோறும் கையில் வாங்கிய கூலி பேங்குக்குப் போனது. வாரக் கூலிக்குப் பேங்க் வரிசையில் நின்ற நாளில் சுற்றுகிற வேலையும் போச்சு. மறு வருஷம் ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. பீடிக்கு 28 விழுக்காடு, பீடி இலைக்கு 18 விழுக்காடு. வாரத்தில் ஒரு நாள் இலை குறைந்தது அப்போதிருந்துதான் என்று எங்கள் வாசலில் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த ஜூலை 1-இல் இன்னொன்றும் நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பீடியின் மேல் நல வரி ஒன்று வைத்திருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீடு கட்ட மானியம், மருந்தகம் எல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தன. நாங்கள் சுற்றிய பீடியிலிருந்து எங்களுக்கென்று எடுத்து வைத்த பணம் அது. ஜிஎஸ்டிக்காக அந்த நல வரியை ஒழித்துவிட்டார்கள். மாற்று வேலைக்கு ஆளைத் தயார்செய்ய ஒரு நிதி தேவைப்பட்ட காலம் என்றால் அது அந்த வருஷம்தான். அந்த வருஷத்திலேயே எங்கள் பேரில் இருந்த உண்டியலை உடைத்தார்கள். வரி மட்டும் 28 ஆனது. அந்தப் பணத்தில் எங்களுக்கென்று எழுதி வைத்த பங்கு எது? 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பீடிக்கு 18 விழுக்காடு, இலைக்கு 5 விழுக்காடு என்று குறைக்க முடிவு செய்தது. ஏற்றியபோதும் இறக்கியபோதும் கம்பெனியைப் பற்றியும் வருவாயைப் பற்றியும் பேசினார்கள். போன வேலை திரும்புமா என்று எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

சட்டம் என்ன செய்யும் என்று ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் சரக்கு இல்லை, மின்சாரம் இல்லை என்று ஆளைச் சும்மா உட்காரவைத்தால் அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்ததாம். ஆளைக் குறைத்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். பெரிய ஆலையை மூட அரசாங்கத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். கேட்கக் கேட்க நெஞ்சு விம்மியது. "எங்களுக்கும் உண்டா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆலை, சுரங்கம், தோட்டம். சும்மா உட்கார்ந்த நாளுக்குப் பாதிச் சம்பளமும் மூடுவதற்கு முன் அனுமதியும் இந்த மூன்றுக்கும்தான். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் எங்களைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் தொழிலிடம் எது என்று விளக்கம் சொன்னபோது குடியிருக்கும் வீட்டை வெளியே வைத்துவிட்டது. நான் தொழிலாளி, நான் வேலை செய்யும் இடம் தொழிலிடம் இல்லை. அந்த ஒரு வரிக்குள் எங்கள் ஊர்கள் எல்லாம் விழுந்து காணாமல் போய்விட்டன.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1966 சட்டம் அவற்றுக்குள் கரைந்தது. ஆட்குறைப்புக்கு ஆளானவர் வேறு தொழில் கற்றுக்கொள்ள நிதி என்று ஒன்று அவற்றில் இருக்கிறது. வேலை போனால் முதலாளி பதினைந்து நாள் சம்பளத்தை அதில் கட்ட வேண்டும், நாற்பத்தைந்து நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் விழ வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்குறைப்பு என்று ஒரு தாளில் எழுதினால்தானே அது கிடைக்கும்? எங்கள் தாள் எங்கே? இலை இல்லை என்றவர் எந்தத் தாளில் எழுதினார்?

மற்றவர் வேலை போனபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2021 செப்டம்பரில் போர்டு கார் கம்பெனி மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. தினமும் செய்தி. இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை. கடைசி வண்டி வெளியே வந்தது 2022-இல். 2024 செப்டம்பரில் முதலமைச்சர் அமெரிக்காவுக்கே போய் அந்தக் கம்பெனிக்காரர்களைப் பார்த்துத் திரும்ப வாருங்கள் என்று அழைத்தார். சரியான காரியம். அந்தத் தொழிலாளர்கள் எங்கள் அண்ணன் தம்பிகள், அவர்களுக்குக் கிடைத்தது இன்னும் கூடக் கிடைத்திருக்கலாம். பக்கத்து மாவட்டத்துக் கோவில்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலை அழிக்கிறது என்று குரல் எழுந்தது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மத்திய அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் மாத இறுதியில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. மாநிலத்தில் ஒரு கட்சி, டெல்லியில் ஒரு கட்சி. ஆனாலும் பத்து மாதத்தில் காரியம் நடந்தது. தீப்பெட்டி ஒட்டும் அக்கா தங்கைகளுக்காக அன்றைக்கு மனசார மகிழ்ந்தேன். மனம் வைத்தால் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் காரியம் இன்னும் வலிக்கிறது.

தெற்கே மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு 2024-இல் விருப்ப ஓய்வு அறிவிப்பு வந்தது. நாலு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். கேட்டபோது நெஞ்சு அடைத்தது. அப்போதும் ஓர் எண்ணம் வந்தது, வந்ததற்காக வெட்கப்பட்டேன். அவர்கள் கையில் ஓர் அறிவிப்பு இருக்கிறதே. அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்களே. அடுத்தவர் வேலைநீக்கக் கடிதத்தைப் பார்த்து ஏங்குகிற நிலைமைக்கு ஒரு மனுஷியைக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் ரூர் என்று ஒரு நிலக்கரிப் பிரதேசம். நிலக்கரி இனி கட்டாது என்று 2007-இல் அந்த அரசாங்கம் முடிவு செய்தது. உடனே மூடவில்லை. பதினோரு வருஷம் அவகாசம் கொடுத்து, வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையவர்களுக்கு வேறு தொழில் என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, 2018 டிசம்பர் 21-இல் கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். பணக்கார தேசம் என்பீர்கள். இங்கே பதினோரு வருஷம் வேண்டாம், பதினோரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதியிருக்கலாமே. நாடு முழுக்க ஏறத்தாழ ஐம்பது லட்சம் பீடித் தொழிலாளர்கள் என்று மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. ஐம்பது லட்சம் பேருக்கு ஒரு தேதி இல்லை, ஒரு வழி இல்லை.

மாற்று வேலை கொடுக்கிறோம் என்று வந்ததும் உண்டு. ஒரு தடவை முப்பது நாள் தையல் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். போனேன். இருபது பேருக்கு நாலு மெஷின். கடைசி நாள் போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். மெஷின் கொடுக்கவில்லை, கடன் கொடுக்கவில்லை, தைத்ததை வாங்க ஆளும் சொல்லவில்லை. சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. தைக்கப் படித்த கையால் மறுநாள் பீடி சுற்றினேன், ஏனென்றால் மறுநாள் இலை கிடைத்தது.

கங்கைகொண்டானில் டாடா பவர் சூரியத் தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள், அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். என் மகள் வயதுப் பிள்ளைகள். போகட்டும், வாழட்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் 47 வயதுக்காரியை, எட்டாம் வகுப்போடு நின்றவளை, எந்த வாசலில் எடுப்பார்கள்? மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி வந்து கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள். ரோட்டில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நாடு முன்னேறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. முன்னேறுகிற வண்டியில் இடம் இல்லாதவர்களை நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறேன்.

பக்கத்தில் குற்றாலம் இருக்கிறதே, சுற்றுலா இருக்கிறதே என்று சொல்வார்கள். குற்றாலத்தின் மலைவளத்தைக் குறவஞ்சியாகப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். அந்த மலை எங்களுக்கு அந்நியமில்லை. சீசனுக்கு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கப் போயிருக்கிறேன், பஜ்ஜிக் கடையில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். ஜூனில் சாரல் விழுந்தால் ஆகஸ்ட் வரைக்கும் அந்த வேலை. அதுவும் மழை மனசு வைத்தால். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது. பெற்றவள் வயிறு என்ன பாடுபட்டிருக்கும். அதையொட்டி அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். தடை போட்டது சரிதான், உயிர்தான் பெரிது. ஆனால் தடை என்று ஒலிபெருக்கி சொல்கிற ஒவ்வொரு நாளும் அருவிக்கரைக் கடைகளில் கூலி வேலைக்குப் போனவளுக்குக் கூலி இல்லை. மூன்று மாதம் தண்ணீரை நம்பி, ஒன்பது மாதம் எதை நம்புவது?

நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் திட்டம் கிராம ஊராட்சிக்கு. மேலகரம் பேரூராட்சி. இலஞ்சி பேரூராட்சி, ஆய்க்குடி பேரூராட்சி, கீழப்பாவூர் பேரூராட்சி, சாம்பவர்வடகரை பேரூராட்சி. பீடி சுற்றும் ஊர்கள் பலவற்றுக்குப் பேர்தான் பேரூர், வயல் வரப்பும் மண் தெருவும் கிராமம் போலத்தான். இருந்தாலும் மண்வெட்டி கொடுக்க மாட்டார்கள். சரி, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 2021-இல் இ-ஷ்ரம் பதிவு தொடங்கினார்களே என்று போனேன். பி.எஃப். இருக்கிறவர்களுக்கு அதில் இடமில்லையாம். ஆலைச் சட்டத்துக்கு நான் வீட்டுக்காரி. ஏழைகளின் பதிவேட்டுக்கு நான் பி.எஃப்.காரி. நூறு நாள் வேலைக்கு நான் பட்டணத்துக்காரி. ஒவ்வொரு கதவிலும் எனக்கு ஒரு பேர் வைத்து அனுப்பிவிட்டார்கள். பசிக்கிற நேரத்தில் நான் யார் என்று ஒரு கதவும் கேட்கவில்லை.

மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. இலவச பஸ்ஸும் உண்டு. நான் நன்றி கெட்டவள் இல்லை, அந்த ஆயிரம் இல்லாவிட்டால் பல மாதம் கேஸ் சிலிண்டர் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அது தகுதியுள்ள எல்லா வீட்டுக்காரிக்கும் வருவது. போன வேலைக்கு அது ஈடாகாது. அடுத்த தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறாள். நாற்பது வருஷம் சுற்றியவள். விரல் நகங்கள் தேய்ந்து சதையோடு சதையாகிவிட்டன. பி.எஃப். பென்ஷன் மாதம் ஆயிரம், 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை. இத்தனை விலைவாசிக்குப் பிறகும் அதே ஆயிரம். அதுவும் ஆதாரில் ஒரு பேர், பாஸ் புத்தகத்தில் ஒரு பேர் என்று ஒரு வருஷம் அலையவிட்ட பிறகு கிடைத்தது. "எட்டி, என் பேரே எனக்குச் சந்தேகமாப் போச்சு" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இலங்கைக்குக் கடத்த இருந்த பீடி இலை மூட்டைகள் பிடிபட்டன என்று அடிக்கடி பேப்பரில் செய்தி வரும். மூட்டை மூட்டையாக மணலில் அடுக்கி, பின்னால் அதிகாரிகள் நிற்கும் படம். அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் மடியில் சுளகு வெறுமையாக இருக்கும். அந்த மூட்டையை எண்ணியிருக்கிறார்கள், எடை போட்டிருக்கிறார்கள், மதிப்பு இவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். பிடிபட்ட இலைக்குக் கணக்கு இருக்கிறது.

எங்களையும் எண்ணுங்கள். வேறு எதையும் முதலில் கேட்கவில்லை. எந்த ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் இலை குறைந்தது என்று வாசல் வாசலாக எண்ணுங்கள். இலை கொடுக்காத நாளைப் பாஸ் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று ஓர் ஆணை போடுங்கள். எழுதிவிட்டால் அந்த நாளுக்குப் பாதிக் கூலி யார் கொடுப்பது என்று பேசலாம். ஐம்பது வயது தாண்டியவளுக்கு இனி வேறு தொழில் பழகாது, அவளுக்கு ஒரு பென்ஷன். நாற்பதுக்குக் கீழே இருக்கிறவளுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வேலை. பீடியில் வாங்கும் வரியில் ஒரு பங்கை இதற்கென்று திரும்ப எழுதி வையுங்கள், 1976-இல் எழுதிய மாதிரி. கடைசி பீடிக் கட்டை நானே சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுளகைக் கவிழ்க்கிறேன்.

இதை எல்லாம் மனுவாக எழுதிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். ரசீது கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் செல்லுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டதாம். எது முடிந்தது என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "யம்மா, விடும்மா. நான் வேலைக்குப் போயிருதேன்" என்றாள். அவள் காலேஜ் இரண்டாம் வருஷம். என் பாட்டி மூடிய குழியில் உட்கார்ந்தாள், என் மகள் படிப்பை மூடிவிட்டு எதில் உட்காரப் போகிறாள்? அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறு திங்கட்கிழமை இலை இல்லை என்றபோது பாஸ் புத்தகத்தை நீட்டினேன். "அண்ணாச்சி, இலை இல்லைன்னு இதுல எழுதிக் குடுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் மாதச் சம்பளம் குறைந்துவிட்டது. "கொடுத்தத எழுதத்தான் இதுல கட்டம் இருக்கும்மா. கொடுக்காதத எழுத கட்டம் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். கணக்கு நோட்டு, பின்பக்கம் எழுதாத தாள்கள் இருந்தன. கோடு போட்டு, தேதிக்கு ஒரு கட்டம், இலைக்கு ஒரு கட்டம் வைத்தேன். அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் 'இலை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டு, தன் பேரையும் எழுதச் சொன்னாள். இப்போது எங்கள் தெருவில் பதினெட்டுப் பெண்களின் பேர் அதில் இருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைக்கிறார்கள், தூள் படிந்த கட்டை விரல், அதற்கு மை வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் இன்னும் நாலு தாள்தான் மிச்சம். இன்றைக்கும் எழுதினேன்.